பழைய லேப்டாப்ல குடும்ப போட்டோ சர்வர்: முதல் தடவை போடுறவங்களுக்கு

மூணு வருஷம் முன்னாடி என் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மேசையில இருந்து கீழ விழுந்துச்சு. பெரிய உயரம் ஒண்ணும் இல்ல, ஆனா ஓடிட்டு இருக்கும்போது விழுந்ததால உள்ள ஹெட் போயிடுச்சு, பொண்ணு பொறந்ததுல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் எடுத்த போட்டோ எல்லாம் அதுல மட்டும்தான் இருந்துச்சு. வாட்ஸப்ல சொந்தக்காரங்களுக்கு அனுப்புனது மட்டும் கொஞ்சம் திரும்பக் கிடைச்சுது, அதுவும் சுருங்கிப்போன சைஸ்ல, எடுத்த தேதி கூட இல்லாம, ஏன்னா வாட்ஸப் போட்டோவுக்குள்ள இருக்குற தேதி, இடம் எல்லாத்தையும் உருவிட்டுத்தான் அனுப்பும்.

அதுக்கப்புறம்தான் வீட்டுல ஒரு சர்வர் போட்டேன், அதாவது எப்பவும் ஓடிக்கிட்டு எல்லார் போன்ல இருந்தும் போட்டோவை வாங்கி வைக்கிற ஒரு கம்ப்யூட்டர். கூகுள் போட்டோஸ்ல 2021 ஜூன் 1 வரைக்கும் கொஞ்சம் சுருக்குன போட்டோவை எவ்வளவு வேணா இலவசமா ஏத்திக்கலாம்னு இருந்துச்சு, இப்ப மெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். காசு கட்டி இடம் வாங்குறது தப்புன்னு சொல்ல வரல, முடிஞ்சா அதையும் வச்சுக்கோங்க, ஆனா முழு சைஸ்ல ஒரு காப்பி நம்ம வீட்டுல, நம்ம கையில இருக்கணும்.

கட்டளைகளை இங்க ஒண்ணொண்ணா எழுதப் போறதில்ல. இந்த சாஃப்ட்வேர் எல்லாம் அடிக்கடி மாறுது, அதனால அந்தந்த அதிகாரப்பூர்வ டாகுமென்டேஷன்ல இன்னைக்கு என்ன இருக்கோ அதைத்தான் காப்பி பண்ணணும், யாரோ ரெண்டு வருஷம் முன்னாடி எழுதுனதை ஒட்டுனா பாதியில நிக்கும். என்ன வரிசையில செய்யணும், எங்க சறுக்கும், ஏன் சறுக்குது, இதைத்தான் சொல்றேன்.

முதல்ல மெஷின்

2013, 2014க்கு அப்புறம் வந்த எந்த லேப்டாப்பா இருந்தாலும் சரி, 8 ஜிபி ரேம் இருந்தா போதும். 4 ஜிபிதான் இருக்குன்னா இன்னொரு 4 ஜிபி ரேம் செகண்ட்ஹேண்ட்ல வாங்கிப் போட்டுடுங்க. ஹார்ட் டிஸ்க்ல ஓடுற மெஷினா இருந்தா அதை எடுத்துட்டு ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி போடுங்க, 240 ஜிபி போதும், இதுல சிஸ்டமும் டேட்டாபேஸும் மட்டும்தான் இருக்கப் போகுது. ஸ்க்ரீன் உடைஞ்சது, கீபோர்டுல நாலு கீ வேலை செய்யாதது எல்லாம் கூட பரவாயில்ல, இன்ஸ்டால் பண்ற அன்னைக்கு மட்டும் வெளி மானிட்டரும் கீபோர்டும் மாட்டிக்கலாம்.

ராஸ்பெர்ரி பை வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. கையளவு குட்டி கம்ப்யூட்டர், நல்ல சாதனம்தான், ஆனா அதை எஸ்டி கார்டுல ஓட்டுனா இடைவிடாம எழுதி எழுதி கார்டு ஒரு நாள் செத்துடும், அப்புறம் அதுக்கு எஸ்எஸ்டி, கேஸ், நல்ல அடாப்டர்னு சேர்த்தா செலவு ஏறிடும். சும்மா கிடக்குற லேப்டாப்புக்கு இன்னொரு பெரிய லாபம் இருக்கு, அதுலயே பேட்டரி இருக்கு. கரண்ட் போனாலும் நிக்காது.

அந்த பேட்டரியைத்தான் முதல்ல பாக்கணும். லேப்டாப்பை சமதரையில வச்சுப் பாருங்க, ஆடுதா, டச்பேட் மேல தள்ளிட்டு இருக்கா, அடி மூடி பிதுங்குதா. இருந்தா பேட்டரி ஊதிருக்கு. அதைக் குத்தாம, வளைக்காம கழட்டி, மின்னணுக் கழிவு எடுக்குறவங்ககிட்ட குடுத்துடுங்க. ஊதுன பேட்டரியோட எந்த லேப்டாப்பையும் 24 மணி நேரமும் ஓட விடாதீங்க, ராத்திரி எல்லாரும் தூங்கிட்டு இருக்கும்போது ஓடப்போற மெஷின் இது. நல்ல பேட்டரியா இருந்தா, சில மாடல்ல, முக்கியமா திங்க்பேட்ல, 80 சதவீதத்துக்கு மேல சார்ஜ் ஏறாம நிறுத்தி வைக்கலாம், டிஎல்பின்னு (TLP) லினக்ஸ்ல ஒரு டூல் இருக்கு, அதுல செட் பண்ணலாம். எப்பவும் 100லயே நின்னா பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போகும்.

கரண்ட் பில் பத்தி பயப்படாதீங்க. பழைய லேப்டாப் ஸ்க்ரீன் அணைஞ்சு சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 15 வாட் இழுக்கும். 15 வாட், 24 மணி நேரம், 60 நாள்னு பெருக்குனா ரெண்டு மாச பில்லுக்கு 22 யூனிட் கிட்ட வரும். பழைய டெஸ்க்டாப்னா இதுபோல மூணு நாலு மடங்கு ஆகிடும், அதனாலதான் லேப்டாப் சொல்றேன்.

போட்டோவை எந்த டிஸ்க்ல வைக்கிறது

இங்க நான் ஒரு தப்பு பண்ணேன், நீங்க பண்ணாதீங்க. தனி அடாப்டர் உள்ள பெரிய 3.5 இன்ச் டிஸ்க்கை மாட்டி வச்சிருந்தேன். கரண்ட் போனப்ப லேப்டாப் பேட்டரியில ஜம்முன்னு ஓடிட்டு இருந்துச்சு, ஆனா டிஸ்க்கோட அடாப்டர் சுவத்து பிளக்லதானே இருக்கு, டிஸ்க் மட்டும் எழுதிட்டு இருக்கும்போதே அணைஞ்சுடுச்சு. ஃபைல் சிஸ்டத்தை ரிப்பேர் பண்ண ஒரு முழு ராத்திரி ஆச்சு. அதனால யூஎஸ்பிலயே பவர் எடுத்துக்குற 2.5 இன்ச் டிஸ்க் வாங்குங்க, இல்ல பழைய லேப்டாப்ல டிவிடி டிரைவ் இருந்தா அதைக் கழட்டிட்டு அந்த இடத்துல டிஸ்க் மாட்ட கேடின்னு (caddy) ஒரு சட்டம் கிடைக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா உடனே எடுத்துக் குடுப்பாங்க. அப்படி உள்ளயே மாட்டிட்டா கேபிள் இடிபட்டு கழண்டுக்குற தொல்லையும் இல்ல.

எவ்வளவு பெருசு வேணும்? போட்டோ ஒண்ணு 4 எம்பின்னு வச்சா 1 டிபில ரெண்டரை லட்சம் போட்டோ அடங்கும். இடத்தை அடைக்கிறது வீடியோதான். 2 டிபி வாங்குனா பல வீட்டுக்கு பல வருஷம் போதும். ஒண்ணு வாங்குற காசு இருந்தா ரெண்டு வாங்குற வரைக்கும் பொறுத்துக்கோங்க, ரெண்டாவது எதுக்குன்னு பின்னாடி வருது.

லினக்ஸ் போடுறது

விண்டோஸுக்கு பதிலா போடுற இலவச சிஸ்டம்தான் லினக்ஸ், அதுல பல வகை இருக்கு, நான் டெபியன்தான் சொல்லுவேன். 1993ல இருந்து இருக்கு, அலட்டிக்காது, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்க புது பதிப்பு வரும், நடுவுல பாதுகாப்பு அப்டேட் மட்டும் அமைதியா வந்துட்டு இருக்கும். முன்னாடி எல்லாம் வைஃபை கார்டுக்கான ஃபர்ம்வேரை தனியா தேடி ஏத்த வேண்டியிருந்துச்சு, 2023ல வந்த டெபியன் 12ல இருந்து அதுவும் இன்ஸ்டாலர்லயே வந்துடுது.

டெபியன் தளத்துல நெட்இன்ஸ்ட்ங்கிற சின்ன இன்ஸ்டால் ஃபைலை இறக்கி, ரூஃபஸ் இல்லன்னா எட்சர்ங்கிற டூல் வச்சு ஒரு பென்டிரைவ்ல எழுதி, அதுல இருந்து பூட் பண்ணுங்க. பென்டிரைவ்ல இருக்குறது மொத்தமும் அழியும், லேப்டாப்ல இருக்குறதும் அழியும், முன்னாடியே எடுத்து வச்சுடுங்க. இன்ஸ்டாலர் கேள்வி கேட்டுக்கிட்டே போகும், அதுல மூணு இடத்துல மட்டும் கவனம். ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசரோட பாஸ்வேர்ட் கேக்கும்போது காலியா விட்டுட்டுப் போங்க, அப்பதான் நீங்க உருவாக்குற யூசருக்கே சூடோங்கிற அட்மின் அதிகாரம் கிடைக்கும். டிஸ்க் தேர்வு பண்ணும்போது எஸ்எஸ்டியத்தான் தொடுறோமான்னு சைஸை வச்சு ரெண்டு தடவை பாருங்க, போட்டோ டிஸ்க்கை அந்த நேரம் கழட்டி வச்சுட்டா இன்னும் நல்லது. கடைசியா என்னென்ன மென்பொருள் வேணும்னு ஒரு பட்டியல் வரும், டெஸ்க்டாப் எல்லாத்தையும் டிக் எடுத்துட்டு, எஸ்எஸ்எச் சர்வர் (வேற கம்ப்யூட்டர்ல இருந்து இதை இயக்குறதுக்கு), ஸ்டாண்டர்ட் யூட்டிலிட்டீஸ் ரெண்டை மட்டும் வைங்க.

பூட் ஆனதும் கருப்பு ஸ்க்ரீன்ல லாகின் கேக்கும். பயப்பட ஒண்ணும் இல்ல, அதான் சர்வர். மூடியை மூடுனா தூங்கிடும், அதை நிறுத்தணும்: லாகின்ட் கான்ஃபிக் ஃபைல்ல (logind.conf) லிட் ஸ்விட்ச் பத்தி ஒரு வரி இருக்கும், அதை இக்னோர்னு மாத்திட்டு ரீஸ்டார்ட். சிஸ்டம் தானா ஸ்லீப்புக்குப் போறதையும் அணைச்சுடுங்க. அப்படியே அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்ங்கிற பேக்கேஜைப் போட்டு ஆன் பண்ணிட்டா பாதுகாப்பு அப்டேட் தானா ஏறிக்கும்.

போட்டோ டிஸ்க்கை எக்ஸ்ட்4ங்கிற லினக்ஸ் வடிவத்துல ஃபார்மேட் பண்ணி, எந்த டிஸ்க் எங்க மாட்டணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் (fstab) ஃபைல்ல அதோட யூயூஐடியை, அதாவது மாறாத அடையாள எண்ணை எழுதி மவுண்ட் பண்ணுங்க, எஸ்டிபி, எஸ்டிசின்னு வர்ற பேரை எழுதாதீங்க, அது ஒவ்வொரு பூட்டுக்கும் மாறலாம். அந்த வரியில நோஃபெயில்னு ஒரு ஆப்ஷன் சேருங்க. சேர்க்கலன்னா ஒரு நாள் டிஸ்க் கேபிள் லூசா இருந்தா கூட மெஷின் பூட் ஆகாம எமர்ஜென்சி மோட்ல நிக்கும், நீங்க ஊர்ல இருப்பீங்க, வீட்டுல இருக்குறவங்களுக்கு என்னன்னே தெரியாது. ஆனா நோஃபெயில் போட்டா இன்னொரு ஆபத்து இருக்கு, டிஸ்க் மாட்டாமயே மெஷின் எழுந்துக்கும், அந்த காலி ஃபோல்டர்ல போட்டோ ஏற ஆரம்பிச்சா சின்ன எஸ்எஸ்டி நிரம்பிடும். நல்ல வேளையா, நாம பின்னாடி போடப்போற இம்மிச்ங்கிற (Immich) போட்டோ சாஃப்ட்வேர் துவங்கும்போதே அதோட ஃபோல்டருக்குள்ள தன் அடையாள ஃபைல் இருக்கான்னு பாத்துட்டு, இல்லன்னா ஓட மாட்டேன்னு நின்னுடும். அந்த எர்ரர் வந்தா ஃபைலை கையால உருவாக்கி ஏமாத்தாதீங்க, முதல்ல டிஸ்க் மாட்டியிருக்கான்னு பாருங்க.

ரவுட்டரும் கேபிளும்

சர்வரை வைஃபைல விடாதீங்க, கேபிள் போடுங்க. போன் எல்லாம் வைஃபைல இருக்கட்டும், சர்வர் மட்டும் ரவுட்டர் பக்கத்துல கேபிள்ல இருந்தா பாதி பிரச்சனை வராது. கேபிள் வாங்கும்போது கேட் 5ஈ இல்ல கேட் 6, அதுவும் சுத்த செம்புன்னு கேட்டு வாங்குங்க, அலுமினியத்து மேல செம்பு முலாம் பூசுனதும் அதே பேர்ல, விலை கம்மியா கடையில கிடைக்குது. மாட்டுன பிறகு எத்தூல்னு (ethtool) ஒரு டூல் இருக்கு, அதுல வேகம் 1000ன்னு வருதான்னு பாருங்க. 100ன்னு வந்தா மூணு காரணம்தான், ரவுட்டர்லயோ லேப்டாப்லயோ போர்ட்டே 100தான், இல்ல கேபிள் முனை சரியா கிரிம்ப் ஆகல. 100க்கு ரெண்டு ஜோடி கம்பி போதும், 1000க்கு நாலு ஜோடியும் வேணும், அதனால மீதி ரெண்டு ஜோடில ஒரு கம்பி தொடாம இருந்தா கூட இன்டர்நெட் வேலை செய்யும், ஆனா வேகம் பத்துல ஒண்ணு ஆயிடும். 500 ஜிபி காப்பி பண்ண ஒண்ணேகால் மணி நேரம் ஆகுறது பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல போகும்.

அடுத்து ரவுட்டர் அட்மின் பக்கத்துக்குப் போங்க. டிஎச்சிபி ரிசர்வேஷன்னு இருக்கும், அதுல லேப்டாப்போட மேக் அட்ரஸைக் குடுத்து 192.168.1.50 மாதிரி ஒரு நிலையான ஐபி குடுத்துடுங்க, இல்லன்னா ஒவ்வொரு தடவையும் சர்வர் எங்க போச்சுன்னு தேடணும்.

அங்க இருக்கும்போதே இதையும் முடிங்க. அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க, வைஃபை பாஸ்வேர்ட் வேற, இது வேற. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் உலகம் பூரா லட்சக்கணக்கான கேமரா, டிவிஆர், ரவுட்டரைப் புடிச்சுது, அது ஒண்ணும் பெரிய வித்தை பண்ணல, கம்பெனி குடுத்த பாஸ்வேர்ட் அறுபது சொச்சத்தை வரிசையா அடிச்சுப் பாத்துச்சு, அவ்வளவுதான். டபிள்யூபிஎஸ்ஸை அணைங்க, பாஸ்வேர்ட் அடிக்காம வைஃபைல சேர்க்குற வசதி அது, அதோட எட்டு இலக்க பின்னை அதிகபட்சம் 11,000 முயற்சியில உடைக்கலாம்னு 2011லயே வெளிவந்துடுச்சு. யூபிஎன்பியை அணைங்க, வீட்டுல இருக்குற ஏதோ ஒரு சாதனம் நம்மகிட்ட கேக்காமலே வெளி உலகத்துக்கு கதவு தொறந்து விடுற வசதி அது. ரிமோட் மேனேஜ்மென்ட்னு இருந்தா அதையும் அணைங்க. சிசிடிவி, ஸ்மார்ட் டிவி எல்லாத்தையும் கெஸ்ட் வைஃபைல தள்ளிடுங்க, அதுங்க சர்வரைப் பாக்க வேண்டிய அவசியமே இல்ல.

எஸ்எஸ்எச் பூட்டு

இனிமே சர்வரை உங்க மெயின் கம்ப்யூட்டர்ல இருந்துதான் இயக்குவீங்க. விண்டோஸ் 10, 11ல எஸ்எஸ்எச் கூடவே வருது, தனியா எதுவும் போட வேண்டாம். முதல்ல பாஸ்வேர்டுக்கு பதிலா எட்25519 (ed25519) வகையில ஒரு கீ ஜோடி உருவாக்குங்க, பப்ளிக் பாதியை சர்வருக்கு அனுப்புங்க, பிரைவேட் பாதி உங்க கம்ப்யூட்டரை விட்டு நகரவே கூடாது, யாருக்கும் மெயில்ல அனுப்பக் கூடாது. கீ வச்சு உள்ள போக முடியுதான்னு பாத்த பிறகுதான் சர்வர் செட்டிங்ல பாஸ்வேர்ட் லாகினையும் ரூட் லாகினையும் நோன்னு மாத்தணும்.

மாத்தும்போது ஒரு ஜன்னலை திறந்தே வச்சுக்கோங்க. செட்டிங் மாத்தி சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணதும் இன்னொரு ஜன்னல்ல புதுசா லாகின் பண்ணிப் பாருங்க, அது வேலை செஞ்சா பழைய ஜன்னலை மூடலாம், செய்யலன்னா பழைய ஜன்னல்லயே திருத்திக்கலாம். இதை மறந்தா மறுபடி கீபோர்டும் மானிட்டரும் தூக்கிட்டு வரணும்.

தப்பா லாகின் பண்ணிக்கிட்டே இருக்குறவங்களைத் தடுக்குற ஃபெயில்டுபேன் (fail2ban) போடணுமான்னா, வெளிய போர்ட் திறக்காத வீட்டுக்கு அது ரொம்ப அவசியம் இல்ல. போடுறதா இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, டெபியன் 12ல இருந்து பழைய ஆத் லாக் ஃபைல் தானா வர்றதில்ல, லாக் எல்லாம் ஜர்னல்லதான் இருக்கும், அதனால அதோட செட்டிங்ல பேக்எண்ட் சிஸ்டம்டின்னு (systemd) இருந்தாதான் அது எழுந்துக்கும்.

இம்மிச் போடுறது

போட்டோவுக்கு நான் வச்சிருக்குறது இம்மிச். போன்ல ஆப் இருக்கு, தானா பேக்கப் பண்ணும், முகம் பாத்து பிரிக்கும், மேப்ல காட்டும், வீட்டுல ஒவ்வொருத்தருக்கும் தனி அக்கவுண்ட். ஆப்பை தனித்தனி பெட்டியில வச்சு ஓட்டுற டாக்கர்ங்கிற சாஃப்ட்வேர் வேணும், அதை டாக்கர்காரங்க சொந்த ரெப்போல இருந்தே போடுங்க, கம்போஸ் பிளகின் கூடவே வரும். உங்க யூசரை டாக்கர் குரூப்ல சேர்த்தா அந்த யூசருக்கு ரூட் அதிகாரமே குடுத்த மாதிரிதான், அது தெரிஞ்சு சேருங்க.

இம்மிச் பக்கத்துல ரெண்டு ஃபைல் குடுப்பாங்க, ஒண்ணு கம்போஸ் ஃபைல், இன்னொண்ணு என்வ் ஃபைல். என்வ் ஃபைல்ல அப்லோட் லொக்கேஷன் போட்டோ டிஸ்க்கா இருக்கட்டும், டேட்டாபேஸ் லொக்கேஷன் எஸ்எஸ்டியா இருக்கட்டும், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட்ல எழுத்தும் எண்ணும் மட்டும் போடுங்க, சிறப்பு எழுத்து சேர்த்தா டாக்கர் அதைத் தப்பா படிச்சுடும். ஓட விட்டதும் பிரவுசர்ல சர்வர் ஐபியோட 2283ங்கிற போர்ட் எண்ணைச் சேர்த்து திறந்தா முதல் அக்கவுண்ட் கேக்கும், முதல்ல பதியுறவங்கதான் அட்மின்.

போட்டோ ஏத்துறதுக்கு முன்னாடியே அட்மின் செட்டிங்ல ஸ்டோரேஜ் டெம்ப்ளேட்டை ஆன் பண்ணி வருஷம், மாசம்னு ஃபோல்டர் பிரியுற மாதிரி வச்சுடுங்க. இது தானா ஆன்ல இருக்காது. இல்லன்னா டிஸ்க்ல ஃபைல் எல்லாம் புரியாத பேர்ல புரியாத ஃபோல்டர்ல கிடக்கும், இம்மிச் இல்லாம யாராலயும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பழைய கூகுள் போட்டோஸை கொண்டுவர டேக்அவுட்னு கூகுளே குடுக்குற டவுன்லோட் வசதியில கேளுங்க, ஒவ்வொரு ஜிப்பும் 50 ஜிபின்னு வச்சா எண்ணிக்கை கம்மியா வரும். அதை அவிழ்த்து அப்படியே இழுத்துப் போடாதீங்க, தேதி, இடம், ஆல்பம் விவரம் எல்லாம் பக்கத்துல இருக்குற ஜேசன் ஃபைல்ல இருக்கும், இம்மிச்-கோன்னு ஒரு டூல் அதையும் சேர்த்துப் படிச்சு ஏத்தும். ஏத்தி முடிச்சதும் பழைய மெஷின் ரெண்டு மூணு நாள் ஃபேன் கத்த ஓடும், முகம் பிரிக்கிற வேலை நடக்குது, முடிஞ்சதும் அடங்கிடும். ஆண்ட்ராய்டு போன்ல இம்மிச்சுக்கு பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்க, இல்லன்னா பின்னணி பேக்கப்பை போன் கொன்னுடும், அம்மா போட்டோ ஏறிட்டு இருக்குன்னு நீங்க நினைச்சுட்டு இருப்பீங்க, மூணு மாசமா ஒண்ணு கூட ஏறியிருக்காது. மாசம் ஒரு தடவை ஒவ்வொருத்தர் போனையும் கையில வாங்கி எத்தனை பாக்கின்னு பாக்குறதை நான் பழக்கமா வச்சிருக்கேன்.

வெளிய இருந்து பாக்குறது

இங்கதான் நிறைய பேர் அவசரப்பட்டு ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் பண்ணிடுறாங்க, அதாவது இன்டர்நெட்ல இருந்து சர்வருக்கு நேரா ஒரு கதவு தொறந்துடுறாங்க. வேண்டாம், தயவுசெஞ்சு வேண்டாம். முதல் விஷயம், பல இணைப்புல அது வேலையே செய்யாது. நாலு பகுதி உள்ள பழைய ஐபி முகவரி 2011லயே நம்ம ஆசிய வட்டாரத்துல தீர்ந்துபோச்சு, அதனால கம்பெனிங்க ஒரே பொது ஐபியை பல வீட்டுக்கு பகிர்ந்து குடுக்குறாங்க, இதுக்கு சிஜிநாட்னு பேர். ரவுட்டர்ல வேன் (WAN) ஐபி, அதாவது வெளிப்பக்க முகவரி என்னன்னு பாருங்க, அது 100.64ல இருந்து 100.127க்குள்ளயோ, இல்ல 10ன்னோ ஆரம்பிச்சா நீங்க சிஜிநாட்டுக்கு பின்னாடி இருக்கீங்க. வெளிய இருந்து யாரும் உங்க ரவுட்டரை நேரா தொட முடியாது, நீங்களும்தான். ரெண்டாவது, பொது ஐபி இருந்து போர்ட் திறந்தா, திறந்த கொஞ்ச நேரத்துலயே தானியங்கி ஸ்கேனர் வந்து தட்டிப் பாக்க ஆரம்பிச்சுடும், நீங்க யாருன்னு அதுக்குத் தெரிய வேண்டியதே இல்ல.

இன்னொரு பொறியும் இருக்கு. யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டுட்டோம், எல்லாம் மூடியாச்சுன்னு நினைப்போம், ஆனா டாக்கர் தன் போர்ட்டுகளுக்கு ஐபிடேபிள்ஸ்ல தானே விதி எழுதி யூஎஃப்டபிள்யூவைத் தாண்டிப் போயிடும். மூடிட்டோம்னு நம்பிட்டு இருக்குற போர்ட் திறந்தே கிடக்கும்.

அதனால உங்க சாதனங்களை மட்டும் ஒரு தனி நெட்வொர்க்ல இணைக்கிற டெயில்ஸ்கேல் (Tailscale) போடுங்க. உள்ளுக்குள்ள ஓடுறது வயர்கார்டு, 2020ல லினக்ஸ் 5.6 கெர்னல்லயே சேர்ந்துட்ட விபிஎன். சர்வர்ல ஒண்ணு, ஒவ்வொரு போன்லயும் ஒண்ணுன்னு போட்டு ஒரே அக்கவுண்ட்ல சேர்த்தா போதும், போர்ட் எதுவும் திறக்க வேண்டாம், சிஜிநாட்டும் தடை இல்ல, தனிநபருக்கு இலவச பிளான் இருக்கு. அதுவும் 100ன்னு ஆரம்பிக்குற ஒரு ஐபி குடுக்கும், குழம்பிக்காதீங்க, அதை இம்மிச் ஆப்ல குடுத்துட்டா வீட்டுல இருந்தாலும் பஸ்ல இருந்தாலும் ஒரே முகவரி. ரெண்டு விஷயம் மறக்காதீங்க. சர்வருக்கு மட்டும் கீ எக்ஸ்பைரியை அணைச்சுடுங்க, அது 180 நாள்ல தானா காலாவதி ஆகும், ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் எதுவுமே வராது, என்ன காரணம்னு புரியவே புரியாது. அப்புறம் எந்த மெயில் ஐடியில டெயில்ஸ்கேல்ல நுழையுறீங்களோ அதுக்கு ரெண்டடுக்கு பாதுகாப்பு போடுங்க, இப்ப உங்க வீட்டு சாவி அந்த மெயில்லதான் இருக்கு.

கிளவுட்ஃப்ளேர் டன்னலும் சிலர் சொல்லுவாங்க. சின்ன வெப்சைட்டுக்கு அருமை, ஆனா இலவச பிளான்ல ஒரே அப்லோட் 100 எம்பியைத் தாண்ட முடியாது, போன்ல எடுத்த வீடியோ ஏறாம நிக்கும்.

பேக்கப், இதுதான் முக்கியம்

இதுவரைக்கும் செஞ்சது சர்வர்தான், பாதுகாப்பு இல்ல. உங்க போட்டோ இப்பவும் ஒரே டிஸ்க்ல இருக்கு, என்னோடது இருந்த மாதிரியே. ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி எழுதுற ரெய்டுல போட்டா போதும்னு நினைக்காதீங்க, ஒண்ணுல அழிச்சா அந்த நொடியே இன்னொண்ணுலயும் அழியும். மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனத்துல, ஒண்ணு வீட்டுக்கு வெளிய, இதை 3-2-1ன்னு சொல்லுவாங்க. வீட்டுக்கு வெளியன்னா பெரிய டேட்டா சென்டர் எல்லாம் வேண்டாம், என் மூணாவது காப்பி அக்கா வீட்டு பீரோல இருக்கு.

ரெண்டாவது டிஸ்க்குக்கு ரெஸ்டிக்ங்கிற (restic) பேக்கப் டூல் வச்சு தினமும் ராத்திரி ஓடுற மாதிரி போடுங்க. மாறுனதை மட்டும் எடுக்கும், பழைய பதிப்பையும் வச்சிருக்கும், எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணும். அதோட பாஸ்வேர்ட் போச்சுன்னா பேக்கப் முழுசும் போச்சு, யாராலயும் திறக்க முடியாது, அதனால அதை பேப்பர்ல எழுதி பத்திரம் வைக்கிற இடத்துல வைங்க. இம்மிச் தன் டேட்டாபேஸை தினமும் ராத்திரி 2 மணிக்கு தானா டம்ப் எடுத்து அப்லோட் ஃபோல்டருக்குள்ளயே பேக்கப்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல வைக்கும், ஆனா அந்த டம்ப்ல போட்டோ இருக்காது, முகம், ஆல்பம் விவரம் மட்டும்தான். ரெண்டும் சேர்ந்தாதான் முழு பேக்கப், அதனால ரெஸ்டிக்கை மூணு மணிக்கு வைங்க.

அடுத்து திரும்ப எடுத்துப் பாருங்க. பேக்கப் ஓடுதுன்னு லாக்ல பாத்தா போதாது. மூணு மாசத்துக்கு ஒருக்க ஏதோ ஒரு பழைய மாசத்தை ரெஸ்டிக்ல இருந்து வேற ஃபோல்டர்ல இறக்கி, பத்து போட்டோவைத் திறந்து கண்ணால பாருங்க. அப்படியே ஸ்மார்ட்மான்டூல்ஸ் வச்சு டிஸ்க்கோட உடம்பையும் பாருங்க, ரீஅலகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார்னு ரெண்டு வரி இருக்கும், ரெண்டும் 0ன்னு இருக்கணும். எண் ஏறிக்கிட்டே போனா டிஸ்க் கிளம்பத் தயாராகுதுன்னு அர்த்தம், அன்னைக்கே புதுசு வாங்கிடுங்க.

எங்க வைக்கிறது

காத்து வர்ற இடம். பரண்ல வேண்டாம், மூடுன அலமாரியில வேண்டாம், சித்திரை வெயில்ல அங்க வெந்துடும். மூடியை கொஞ்சம் திறந்து, அடியில ரெண்டு கட்டை குடுத்து தூக்கி வைங்க. எறும்பும் பல்லியும் சூடான பெட்டியைத் தேடி வரும், வருஷம் ஒரு தடவை திறந்து தூசி தட்டும்போது அதையும் பாருங்க. கரண்ட் போனா லேப்டாப் பேட்டரியில ஓடும், ஆனா ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் அணைஞ்சா வெளிய இருந்து பாக்க முடியாது, அதை இன்வர்ட்டர் லைன்ல போடுங்க, இல்ல 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்குங்க, வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டோட அடாப்டர்லயும் எத்தனை ஆம்பியர்னு எழுதியிருக்கும், கூட்டிப் பாத்துக்கோங்க.

மாதாந்திர பராமரிப்புன்னு காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் கரண்ட் இல்லன்னு அறிவிப்பு வந்தா அதை ஒரு சோதனை நாளா வச்சுக்கோங்க. லேப்டாப் பேட்டரி அவ்வளவு நேரம் தாங்காது, முன்னாடியே முறையா ஷட்டவுன் பண்ணுங்க. கரண்ட் வந்ததும் பட்டனை மட்டும் அமுக்கிட்டு வேற எதையும் தொடாம போன்ல இம்மிச்சைத் திறங்க. தானா வந்துடணும். வரலன்னா எது எழுந்துக்கலன்னு பாத்து அன்னைக்கே சரி பண்ணிடுங்க, ஊருக்குப் போயிருக்கும்போது தெரியறதுக்கு இப்ப தெரியறது மேல்.

கடைசியா ஒரு வேலை. எக்ஸ்ட்4 டிஸ்க்கை விண்டோஸ்ல மாட்டுனா அது படிக்காது, ஃபார்மேட் பண்ணவான்னு கேக்கும், விவரம் தெரியாதவங்க சரின்னு அமுக்கிடுவாங்க. ரெஸ்டிக் பேக்கப்பும் சாதாரணமா திறக்காது. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் வீட்டுக்காரியால இந்த ரெண்டையும் திறக்க முடியாது. அதனால அக்கா வீட்டுல இருக்குற மூணாவது டிஸ்க்கை விண்டோஸும் படிக்கிற எக்ஸ்ஃபேட் (exFAT) வடிவத்துல போட்டு, வருஷம் மாசம்னு வெறும் ஃபோல்டரா, எந்த கம்ப்யூட்டர்ல சொருகுனாலும் தெரியுற மாதிரி வச்சிருக்கேன், பூட்டு எதுவும் இல்ல, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது எடுத்து புதுசா நிரப்பிக் குடுத்துட்டு வருவேன். மேல ஒரு ஸ்டிக்கர்ல மார்க்கர்ல எழுதி ஒட்டியிருக்கேன்: "நம்ம போட்டோ. எந்த கம்ப்யூட்டர்லயும் திறக்கும். ஃபார்மேட் கேட்டா வேண்டாம்னு சொல்லு."